பானை ஓட்டுக் குன்றின் அடிவாரத்தில் ஒரு சாப்பாடு

ரோம் நகரின் தெற்குப் பகுதியில், டைபர் ஆற்றுக்கு அருகே டெஸ்டாச்சியோ என்ற பேட்டை இருக்கிறது. அங்கே 35 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று. அடிவாரத்தைச் சுற்றி நடந்தால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். புல்லும் புதரும் மண்டி, மற்ற குன்றுகளைப் போலத்தான் தெரியும். ஆனால் அதற்குள் பாறை கிடையாது. உச்சி முதல் அடிவரை எல்லாம் உடைந்த பானை ஓடு.

ரோமானியப் பேரரசு செழித்திருந்த காலத்தில் நகரத்துக்கு வேண்டிய ஆலிவ் எண்ணெயில் பெரும்பகுதி தெற்கு ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்தது. அதை அடைத்து வந்த மண் ஜாடிக்கு ஆம்ஃபோரா என்று பெயர். குண்டு வயிறு, குட்டைக் கழுத்து, இரண்டு கைப்பிடி. காலி ஜாடியே 30 கிலோ. உள்ளே 70 லிட்டர் எண்ணெய் கொள்ளும். எண்ணெய் மண்ணின் நுண்துளைகளுக்குள் ஊறி, நாள்பட நாள்படக் காறல் வாடை அடிக்கும் என்பதால் அந்த ஜாடியை மறுபடி நிரப்ப முடியாது. அதனால் உடைத்தார்கள். உடைத்ததைக் கண்டபடி கொட்டவும் இல்லை. ஓடுகளாலேயே தடுப்புச் சுவர் எழுப்பி, படிப்படியாக அடுக்கி, வாடை அடங்கச் சுண்ணாம்பு தூவினார்கள். கி.பி. 1ஆம் நூற்றாண்டிலிருந்து 3ஆம் நூற்றாண்டு வரை நடந்த இந்த வேலையில் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட ஜாடிகள் சேர்ந்திருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பல ஓடுகளில் மையால் எழுதிய குறிப்புகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன: காலி ஜாடியின் எடை, எண்ணெயின் எடை, ஏற்றுமதி செய்த வணிகரின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் ஹைன்ரிஷ் டிரெஸ்ஸல் என்ற ஜெர்மானிய அறிஞர் இவற்றை வகைப்படுத்தத் தொடங்கினார். அந்தக் குண்டு ஜாடிக்கு ஆய்வாளர்கள் இன்றும் ‘டிரெஸ்ஸல் 20’ என்றே பெயர் சொல்கிறார்கள்.

பின்னாளில் ரோம் மக்கள் இந்தக் குன்றின் அடிவாரத்தைக் குடைந்து மது வைக்கும் அறைகளை அமைத்தார்கள். ஓடுகளுக்கு இடையே எண்ணற்ற இடுக்குகள். அவற்றின் வழியே காற்று ஊர்ந்துகொண்டே இருப்பதால், வெளியே கோடை கொளுத்தினாலும் உள்ளே குளுமை குறையாது. மது அறைகளை ஒட்டிச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. 1887இல் தொடங்கிய கெக்கினோ என்ற குடும்ப உணவகம் இன்றும் அங்கேதான் நடக்கிறது. இந்த வட்டாரத்துக் கடைகள் சிலவற்றில் உட்புறச் சுவருக்குப் பதில் கண்ணாடி. அதன் பின்னால் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய ஓடுகள் அடுக்கடுக்காகத் தெரியும்.

இப்படிப்பட்ட எளிய கடையை இத்தாலியர்கள் டிராட்டோரியா என்கிறார்கள். பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்துவது. மேசைமேல் காகித விரிப்பு, குவளையில் அளந்து தரும் வீட்டு மது, நாளுக்கு நாள் மாறும் சிறு பட்டியல். வியாழக்கிழமை உருளைக்கிழங்கு உருண்டைகளான நியோக்கி, வெள்ளிக்கிழமை மீன், சனிக்கிழமை மாட்டு இரைப்பை என்பது ரோமின் பழைய வார முறை. இங்கே வரும் பண்டங்களில் பலவற்றுக்கு மூன்று நான்கு பொருள்களே போதும். மசாலாவால் மூடி மறைக்க வழி இல்லாத சமையல் இது. பொருள் குறையக் குறைய, ஒவ்வொரு பொருளுக்குள்ளும் நடக்கும் வேதியியல் துல்லியமாக அமைந்தாக வேண்டும். ஆட்டிடையர்களும் கசாப்புத் தொழிலாளர்களும் கைப்பழக்கத்தால் கண்டுபிடித்து வைத்திருந்த பல நுட்பங்களுக்கு இயற்பியலும் நரம்பியலும் கடந்த சில பத்தாண்டுகளில்தான் விளக்கம் கண்டிருக்கின்றன. ஒரு பிப்ரவரி மாத மதியச் சாப்பாட்டை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் ரொட்டியும் எண்ணெயும். புதிதாகப் பிழிந்த நல்ல ஆலிவ் எண்ணெயை ரொட்டியில் தோய்த்து விழுங்கினால், ஒரு நொடி கழித்துத் தொண்டையில் சுரீரென்று எரியும். சிலருக்கு இருமல் வரும். நாக்கில் எரிவதில்லை, உதட்டில் எரிவதில்லை. தொண்டையில் மட்டும். அமெரிக்க உயிரியலாளர் கேரி போஷாம் சிசிலித் தீவில் ஒரு கூட்டத்துக்குப் போனபோது இந்த எரிச்சலைக் கவனித்தார். அதற்கு முன் இபுப்ரோஃபென் என்ற வலி மருந்தின் சுவையை ஆராய்ந்தவர் அவர். திரவ நிலையில் அந்த மருந்தை விழுங்கினால் தொண்டை எப்படி எரியுமோ அப்படியே இதுவும் எரிந்தது. அவர் குழு எண்ணெயிலிருந்து ஒரு மூலக்கூறைப் பிரித்து, ஓலியோகாந்தல் என்று பெயரிட்டு, 2005இல் அறிவித்தது. இபுப்ரோஃபென் தடுக்கும் அதே அழற்சி நொதிகளை இதுவும் தடுக்கிறது. வடிவத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு மூலக்கூறுகளின் உறவைத் தொண்டை முதலில் கண்டுபிடித்தது. ஆய்வகம் பிறகு உறுதி செய்தது.

ஏன் தொண்டையில் மட்டும் எரிகிறது? உயிரணுக்களின் மேற்பரப்பில் வேதிப்பொருள்களை அடையாளம் காணும் புரதங்கள் இருக்கின்றன. இவற்றை ஏற்பிகள் என்கிறோம். ஓலியோகாந்தலை உணரும் ஏற்பி வாயின் முன்பகுதியைக் காட்டிலும் தொண்டையின் நரம்புகளில் செறிந்திருக்கிறது என்று 2011இல் தெரியவந்தது. எண்ணெய்ச் சுவைஞர்கள் ஒரு இருமல் எண்ணெய், இரண்டு இருமல் எண்ணெய் என்று தரம் சொல்வார்கள். குன்றாகக் கிடக்கும் அந்த ஜாடிகளில் வந்த எண்ணெயும் ரோமானியர்களின் தொண்டையை இப்படிச் சீண்டியிருக்கலாம்.

அடுத்து வருவது குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் ஒரு பச்சைக் காய்கறி: புந்தரெல்லே. வெளிர்பச்சையில் சுருள் சுருளாக, தச்சர் இழைப்புளியிலிருந்து விழும் மரச்சுருளைப் போல இருக்கும். இது சிக்கரிச் செடியின் இளந்தண்டு. நம் ஃபில்டர் காபித் தூளில் கலக்கும் சிக்கரி இதே தாவர இனத்தின் வேர்தான். அங்கே வேரை வறுத்து அரைக்கிறோம், இங்கே தண்டைப் பச்சையாகத் தின்கிறார்கள். உள்ளே குழலாக இருக்கும் தண்டை, மரச்சட்டத்தில் கம்பி இழுத்த ஒரு சிறு கருவியின் மேல் வைத்து அழுத்துவார்கள். நீள இழைகளாகக் கீழே விழும். விழும்போது அவை நேராகத்தான் இருக்கின்றன. பனிக்கட்டித் தண்ணீரில் போட்டு விட்டுவிட்டால், யாரும் தொடாமலே ஒவ்வொன்றும் சுருண்டுகொள்ளும்.

சுருட்டுவது தண்ணீர். தண்டின் வெளித்தோல் மெழுகு படிந்து விறைப்பாக இருக்கிறது. உட்புற உயிரணுக்களின் சுவர் மெல்லியது. உயிரணுவுக்குள் உப்பும் சர்க்கரையும் கரைந்திருப்பதால், வெளியே இருக்கும் வெறும் தண்ணீர் சவ்வைத் தாண்டி உள்ளே புகுகிறது. பள்ளியில் சவ்வூடு பரவல் என்று படித்தது இதுவே. உட்புறம் வீங்கி நீள்கிறது, வெளிப்புறம் நீள மறுக்கிறது. நீண்ட பக்கம் வெளியே வருமாறு இழை வளைந்தாக வேண்டும். அதே தண்ணீர் கசப்பிலும் ஒரு பகுதியைக் கரைத்து எடுத்துவிடுகிறது. மிச்சக் கசப்பை அடக்க நெத்திலி, பூண்டு, வினிகர், எண்ணெய் சேர்த்த சாந்து. உப்பில் ஊறிய நெத்திலியை இங்கே தேர்ந்தெடுத்ததில் ஆழ்ந்த நுட்பம் இருக்கிறது. உப்பின் சோடியம் நாக்கில் கசப்பை மட்டுப்படுத்துகிறது. கசப்பு பின்வாங்கும்போது அதற்கடியில் மறைந்திருந்த மற்றச் சுவைகள் மேலே வருகின்றன. தொண்டை எரிச்சலை ஆராய்ந்த அதே போஷாம், பால் பிரெஸ்லின் என்பவரோடு சேர்ந்து 1997இல் இதைக் காட்டினார்.

ஆர்டிசோக் வராமல் ரோமின் குளிர்கால மேசை நிறையாது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த முட்செடி ஒன்றின் மலராத மொட்டு இது. ஒரு கைப்பிடி அளவு. பழைய யூதக் குடியிருப்பின் சமையலில் இந்த மொட்டை முழுசாக எண்ணெயில் இருமுறை பொரிப்பார்கள். முதல் முறை மிதமான சூட்டில், உள்ளே வேக. இரண்டாம் முறை கொதிக்கும் எண்ணெயில், ஓரங்கள் மொறுமொறுக்க. இதழ்கள் விரிந்து, செம்பொன் நிறச் செவ்வந்திப் பூவாகத் தட்டுக்கு வரும். அதைத் தின்றுவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் இனிக்கும்.

நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு இந்த அனுபவம் பழகியது. மேலைநாட்டு அறிவியலாளர்கள் இதை எதிர்கொண்டது 1930களில், அமெரிக்காவில் உயிரியலாளர்களுக்கு நடந்த ஒரு விருந்தில். முதலில் ஆர்டிசோக் பரிமாறினார்கள். வந்திருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தண்ணீரின் சுவை மாறியதாகச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. 1972இல் லிண்டா பார்டோஷுக் குழு இதை அளந்து பார்த்தது. ஆர்டிசோக்கின் சாறு பட்ட நாக்குக்கு, வெறும் தண்ணீர் ஒரு டம்ளருக்கு 2 தேக்கரண்டி சர்க்கரை போட்ட அளவு இனித்தது. தண்ணீரில் சர்க்கரை துளியும் இல்லை; மாற்றம் முழுவதும் நாக்கில். சைனரின் என்ற பொருளும் அதன் உறவினமான குளோரோஜெனிக் அமிலமும் சில நிமிடங்களுக்கு நாக்கின் அளவுகோலையே மாற்றி வைத்துவிடுகின்றன. ஆர்டிசோக்குக்குப் பொருத்தமான மதுவைத் தேர்ந்தெடுக்க மது வல்லுநர்கள் திணறுவதும் இதனால்தான். எதைக் குடித்தாலும் கொஞ்சம் இனித்துத் தொலைக்கும்.

இனி வருவதில்தான் நாம் நெடுநேரம் தங்க வேண்டும். காச்சியோ எ பெப்பே. பாஸ்தா, பெக்கோரினோ என்ற ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, மிளகு. இவ்வளவுதான். வெண்ணெய் இல்லை, பாலேடு இல்லை, எண்ணெய்கூட இல்லை. மந்தை ஓட்டி மலைக்குப் போன இடையர்கள், பையில் கெடாமல் இருக்கும் மூன்று பொருளைக் கொண்டு செய்த சாப்பாடு என்று ரோமில் சொல்வார்கள். நன்றாக வந்தால் பாஸ்தாவின் மேல் பளபளப்பான வெண்சாறு பட்டுப்போலப் போர்த்தியிருக்கும். தவறினால் ஒரு பக்கம் நீர், மறு பக்கம் ரப்பர் கட்டி.

முதலில் பாஸ்தா. இத்தாலியில் உலர்பாஸ்தாவை டியூரம் கோதுமையின் ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ரொட்டிக் கோதுமையில் 42 குரோமோசோம்கள், டியூரத்தில் 28. உயிரியல் கணக்கில் இரண்டும் வேறு இனங்கள். டியூரம் மணி கல்போல் கடினமானது. அரைத்தால் மாவாகாமல் மஞ்சள் ரவையாக உடையும். தண்ணீர் விட்டுப் பிசையும்போது அதன் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னி வலையாகின்றன. இந்த வலைக்குப் பெயர் குளூட்டன். மாவுச்சத்துத் துகள்கள் அந்த வலைக்குள் மீன்போல அகப்பட்டிருக்கும். வெண்கல அச்சில் பிழிந்த பாஸ்தாவின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் சாறு பற்றிக்கொள்ளும்; டெஃப்லான் பூசிய அச்சில் வந்தது வழவழவென்றிருக்கும்.

கொதிநீரில் போட்டதும் வெளியிலிருந்து உள்நோக்கி ஒரு படையெடுப்பு நடக்கிறது. தண்ணீர் நுழைகிறது, 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மாவுச்சத்துத் துகள்கள் நீரைக் குடித்து வீங்கிக் கூழாகின்றன. அதே நேரம் புரத வலை சூட்டில் இறுகி, அவற்றை வெளியே விடாமல் பிடிக்கிறது. வலை முந்தினால் பாஸ்தா விறைப்பாக நிற்கும். மாவுச்சத்து முந்தினால் குழைந்து ஒட்டும். நல்ல டியூரத்தில் வலை முந்திவிடுகிறது. நடுவில் வெள்ளைப் புள்ளி இன்னும் மறையாத கட்டத்தில் வடித்தால், பல்லுக்குச் சற்றே எதிர்ப்புக் காட்டும். இத்தாலியர்கள் கேட்பது இந்தப் பதத்தைத்தான்.

உலையில் உப்புப் போடுவது தண்ணீரை இன்னும் சூடாக்க என்று பலர் நம்புகிறார்கள். லிட்டருக்கு 10 கிராம் உப்பு கொதிநிலையை உயர்த்துவது ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உப்பு சுவைக்கு மட்டும். பாஸ்தா வெந்து முடிப்பதற்குள் தன் எடைக்கு ஏறத்தாழச் சமமான தண்ணீரைக் குடித்துவிடுகிறது. அதோடு உப்பும் உள்ளே போகிறது. வெந்தபின் மேலே தூவும் உப்பால் அந்த இடத்துக்குப் போக முடியாது.

பாத்திரத்துக்குள் அடங்கவில்லை என்று ஸ்பகெட்டியை ஒடித்துப் போட்டால் ரோம் சமையற்காரர் முகம் சுளிப்பார். ஒடிப்பதிலும் ஒரு புதிர் இருக்கிறது. உலர்ந்த ஸ்பகெட்டியின் இரு முனையையும் பிடித்து வளைத்தால் அது இரண்டாக ஒடியாது. மூன்றாகவோ நான்காகவோ ஒடியும். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் ஒரு மாலை முழுவதும் ஒடித்துப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. 2005இல் பாஸீல் ஓடோலி, செபாஸ்டியான் நோய்கிர்ஷ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். முதல் முறிவு விழுந்ததும் வளைந்திருந்த துண்டு சட்டென்று நிமிர முயல்கிறது. அந்த அதிர்ச்சி அலையாக ஓடி, இன்னொரு இடத்தில் வளைவை இன்னும் கூட்டுகிறது. அங்கே மறுபடி முறிகிறது. 2018இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சரியாக இரண்டாக ஒடிக்கவும் வழி கண்டார்கள். இழையை முக்கால் சுற்றுக்கு முறுக்கிக்கொண்டு மெதுவாக வளைக்க வேண்டும். முறுக்கு அவிழும் அலை வளைவின் அலையைவிட வேகமாக ஓடி, சேர்ந்திருந்த ஆற்றலைக் கலைத்துவிடுகிறது.

சாற்றுக்கு வருவோம். பெக்கோரினோ ரோமானோ செம்மறியாட்டுப் பாலில் செய்து, உப்பிட்டு, துருவும் பக்குவத்துக்கு குறைந்தது எட்டு மாதம் முதிர வைத்த கட்டி. பெயரில் ரோம் இருந்தாலும் இன்று பெரும்பகுதி சார்டினியாத் தீவில் தயாராகிறது. கொழுப்பு, புரதம், கொஞ்சம் நீர்: இதுதான் அதன் உள்ளடக்கம். கொழுப்பும் நீரும் சேராது. சேரவைத்த நிலைக்குப் பால்மம் என்று பெயர். ஒன்றின் நுண்துளிகள் மற்றொன்றுக்குள் பிரியாமல் மிதக்கும் கலவை. பாலே ஒரு பால்மம்தான். பாலாடைக்கட்டியைத் துருவி வெந்நீரில் கரைப்பது, முதிர்ந்து இறுகியதை மறுபடி பால்மமாக்கும் முயற்சி. தடையாக வருவது புரதம். ஏறத்தாழ 65 டிகிரிக்கு மேல் போனால், சுருண்டிருந்த புரதங்கள் அவிழ்ந்து ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும். பாத்திரத்தின் நடுவில் கட்டி விழும்.

ஸ்பெயின், ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி ஆகிய நாடுகளின் ஆய்வு நிறுவனங்களில் பணிபுரியும் இத்தாலிய இயற்பியலாளர் குழு ஒன்று இந்தக் கட்டியை எடுத்துக்கொண்டு முறையாக ஆராய்ந்தது. நீர் பனியாவதைப் போல, சாறு கட்டியாவதையும் ஒரு நிலைமாற்றமாகப் பார்த்தார்கள். வெப்பத்தையும் மாவுச்சத்தின் அளவையும் படிப்படியாக மாற்றி, எங்கே சாறு நிற்கிறது, எங்கே உடைகிறது என்று வரைபடம் போட்டார்கள். கட்டி விழுந்த நிலைக்கு ‘மொஸரெல்லா நிலை’ என்று பெயர் வைத்தார்கள். முடிவு தெளிவானது. பாலாடைக்கட்டியின் எடையில் மாவுச்சத்து 1 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் சாறு கட்டியாகும் அபாயம் அதிகம். 2 முதல் 3 விழுக்காடு இருந்தால் சூட்டைத் தாங்கி நிற்கும். 160 கிராம் பாலாடைக்கட்டிக்கு 4 கிராம் போதும். ஒன்றரைத் தேக்கரண்டி சோளமாவு. மாவுச்சத்தின் நீண்ட மூலக்கூறுகள் குறுக்கே நின்று புரதங்களை ஒன்றுசேர விடுவதில்லை. 2025இல் வெளியான இந்த ஆய்வு அதே ஆண்டு இக் நோபல் பரிசையும் பெற்றது. முதலில் சிரிக்கவைத்து, பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது.

வீட்டில் தோற்பவருக்கு டிராட்டோரியாவில் எப்படி வருகிறது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை கிடைக்கிறது. உணவகத்தின் பெரிய பானையில் அடுத்தடுத்துப் பல தட்டுக்கு வேண்டிய பாஸ்தா வேகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாவுச்சத்து நீரில் கசிந்து, சில மணி நேரத்துக்குள் அது வெண்மையாகக் கலங்கி, கஞ்சித் தெளிவாகியிருக்கும். ஒருவருக்கு மட்டும் வேகவைத்த வீட்டுத் தண்ணீரில் அந்தச் செறிவு வராது. சமையற்காரர் அடுப்பை அணைத்து, சட்டி சற்று ஆறிய பிறகே பாலாடைக்கட்டியைச் சேர்க்கிறார்; அது 65 டிகிரி எல்லையை மதிக்கும் செயல். பிறகு சட்டியை வேகமாகக் குலுக்கிப் புரட்டுகிறார். கொழுப்பை நுண்துளிகளாக உடைக்கும் விசை அந்தக் குலுக்கலில் இருக்கிறது. வெப்பமானி இல்லை, தராசு இல்லை. வரைபடம் முழுவதும் மணிக்கட்டில் இருக்கிறது. இந்தச் சாப்பாட்டில் என்னை அதிகம் வியக்கவைப்பது இதுவே.

மூன்றாவது பொருள் மிளகு. அதன் காரத்துக்குக் காரணம் பைப்பரின். நாம் காரம் என்பது நாக்கின் சுவை மொட்டுகள் உணரும் சுவை அல்ல, வெப்ப உணர்வு. உடலில் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டைக் கண்டுபிடிக்கும் ஏற்பி ஒன்று இருக்கிறது. மிளகாயின் கேப்சைசினைக் கொண்டு டேவிட் ஜூலியஸ் 1997இல் அதை அடையாளம் கண்டார். 2021இல் நோபல் பரிசு பெற்றார். பைப்பரினும் அதே கதவைத் திறக்கிறது. நாக்கு சுடுகிறது என்று மூளைக்குச் செய்தி போகிறது, தட்டு ஆறியிருந்தாலும்.

இந்த மிளகு ரோமுக்கு வந்த பாதையில் நம் கடற்கரை இருக்கிறது. செங்கடல் முகத்திலிருந்து பருவக்காற்றைப் பிடித்தால் 40 நாளில் சேரநாட்டுத் துறைமுகமான முசிறி என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. வியன்னாவில் உள்ள 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்றில் முசிறி வணிகத்தின் கடன் ஒப்பந்தமும், ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கும் இருக்கின்றன. டொமிஷியன் பேரரசர் ரோமின் நடுவே மிளகுக்கென்றே கிடங்கு கட்டினார். கி.பி. 410இல் நகரைக் கைப்பற்றிய விசிகோத்து அரசன் அலாரிக், அதற்கு முன் முற்றுகையை விலக்கக் கேட்ட பொருள்களில் பொன், வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. டெஸ்டாச்சியோக் குன்றில் கிடப்பது போன்ற ரோமானிய ஆம்ஃபோரா ஓடுகள் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டிலும், கேரளத்தின் பட்டணம் என்ற ஊரிலும் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன.

பாஸ்தாவுக்குப் பிறகு இறைச்சி. 1890ஐ ஒட்டி டெஸ்டாச்சியோவில் நகரின் பெரிய கசாப்புக் கூடம் திறந்தது. 1975 வரை இயங்கியது. மாட்டின் உடலை நான்காகப் பிரித்து விற்றபின் எஞ்சும் வால், குடல், ஈரல், நாக்கு எல்லாவற்றையும் ‘ஐந்தாவது கால்பங்கு’ என்றார்கள். தொழிலாளர்களுக்குக் கூலியில் ஒரு பகுதி இப்படியே கிடைத்தது. யாரும் விரும்பாத பகுதிகளிலிருந்து ஒரு நகரத்தின் பெருமைக்குரிய சமையல் பிறந்தது. பால் மட்டுமே குடித்த கன்றின் சிறுகுடலை, உள்ளிருக்கும் பாலோடு சமைக்கும் பயாத்தா இதில் துணிச்சலானது. கன்றின் செரிமான நொதியும் அடுப்புச் சூடும் சேர்ந்து, குடலுக்குள்ளேயே அந்தப் பாலை மென்மையான பாலாடைக்கட்டியாகத் திரித்துவிடுகின்றன. பைத்திய மாட்டு நோய் அச்சத்தால் பயாத்தா 2001இல் தடைசெய்யப்பட்டு, 2015இல் மறுபடி அனுமதி பெற்றது.

மாட்டுவால் குழம்புக்கு மூன்று நான்கு மணி நேரமாவது வேண்டும். வால் நிறைய இணைப்புத்திசு. அதன் சாரம் கொலாஜன் என்ற புரதம், மூன்று இழை சேர்த்து முறுக்கிய கயிறு. சூடான நீரில் நெடுநேரம் கிடந்தால் அந்த முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிறது. இங்கே ஒரு வியப்பு. நீண்ட நேரம் வெந்த தசையிழைகள் தம் நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடுகின்றன. அளந்து பார்த்தால் இறைச்சி வறண்டுதான் போயிருக்கும். ஆனால் இழைகளுக்கிடையே நிறைந்த ஜெலட்டின் வாயில் உருகி, சாறு ததும்புவதாகத் தோன்றச் செய்கிறது. அந்த மாயத்தை அவசர நெருப்பால் உண்டாக்க முடியாது. தக்காளி, மது, ஏராளமான செலரித்தண்டு. சில வீடுகளில் கடைசியில் ஒரு சிட்டிகை கோகோ.

இப்படிக் கொழுப்பு மிகுந்த குழம்புக்குச் சிவப்பு மது ஏன் பொருந்துகிறது என்பதற்கும் காரணம் உண்டு. மதுவின் துவர்ப்பு டானின் என்ற பொருளால் வருகிறது. அது எச்சிலின் வழுக்குப் புரதங்களைப் பிடித்துத் திரளச் செய்கிறது. வாய் வழுக்கல் இழந்து இறுகுகிறது. கொழுப்பு அந்த வழுக்கலைத் திருப்பித் தருகிறது. ஒரு கவளம், ஒரு மிடறு என்று மாறி மாறிப் போனால் இரண்டும் ஒன்றையொன்று துடைத்துக்கொண்டே இருக்கும்.

கடைசியில் எஸ்பிரெஸ்ஸோ. 7 கிராம் நுண்ணிய தூள், 90 டிகிரியைத் தாண்டிய தண்ணீர், 9 பார் அழுத்தம். கார் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைப்போல நான்கு மடங்கு. 25 முதல் 30 நொடிக்குள் ஒரு சிறு கிண்ணத்தின் அடிப்பகுதி நிறையும். 1884இல் டூரின் நகரின் ஆஞ்செலோ மோரியோந்தோ நீராவி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் நீராவியால் ஒன்றரைப் பார் அளவுக்கே தள்ள முடிந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மிலான் நகரின் அக்கில்லே காஜ்ஜா நெம்புகோலும் சுருள்வில்லும் வைத்து அதைப் பல மடங்காக்கினார். எதிர்பாராத விளைவாகக் காபியின் மேல் செம்பழுப்பு நுரை வந்தது. கொட்டையை வறுக்கும்போது உள்ளே சிறைப்பட்ட கரியமிலவாயு, உயர் அழுத்தத்தில் நீரில் கரைந்து, கிண்ணத்தில் விழுந்ததும் அழுத்தம் நீங்கிக் குமிழாகிறது. காபியின் புரதங்கள் குமிழைப் போர்த்திக் காக்கின்றன. பழக்கமில்லாத வாடிக்கையாளர்கள் அந்த நுரையைக் கண்டு தயங்கியதால், காபியிலிருந்தே இயற்கையாக வந்த ஏடு என்று காஜ்ஜா விளம்பரம் செய்ய வேண்டியிருந்தது. சில நிமிடங்களில் குமிழ்கள் உடைந்து நுரை கலைந்துவிடும் என்பதால், ரோமில் அதை ஆறவிடுவதில்லை. சர்க்கரையைக் கலக்கி, இரண்டு மூன்று மிடறில் குடித்து முடித்துவிடுகிறார்கள்.